கறுப்பு வெள்ளை வில்லன்களின் கல்லறையைக் கண்டுபிடிப்பது எப்படி

ஹாலிவுட்டின் பழைய குற்றப்படங்களில் நடித்தவர்களின் கல்லறையைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் முதல் வேலையாக வரைபடத்தைத் திறக்கிறார்கள். அலைச்சல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. எந்தக் கல்லறைத் தோட்டம் என்று கேட்பதற்கு முன்னால், உடலை என்ன செய்தார்கள் என்று கேட்க வேண்டும். மண்ணில் புதைத்தார்களா, மண்டபச் சுவருக்குள் வைத்து மூடினார்களா, எரித்து அஸ்தியை மாடத்தில் வைத்தார்களா, எரித்துக் கடலில் கரைத்துவிட்டார்களா? இதற்கு விடை கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

‘டபுள் இண்டெம்னிட்டி’ (1944) படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முக்கிய நடிகர்கள் மூன்று பேர். பார்பரா ஸ்டான்விக் 1990 ஜனவரி 20 அன்று இறந்தார். தகனம் செய்து, அஸ்தியைக் கலிஃபோர்னியாவின் லோன் பைன் பகுதியில் ஹெலிகாப்டரிலிருந்து தூவிவிட்டார்கள். அவருக்குக் கல்லறையே கிடையாது. ஃப்ரெட் மக்மரே (இறப்பு 1991) கல்வர் சிட்டியில் உள்ள ஹோலி கிராஸ் கத்தோலிக்கத் தோட்டத்தின் மண்டபத்தில் இருக்கிறார். எட்வர்ட் ஜி. ராபின்சன் 1973 ஜனவரி 26 அன்று லாஸ் ஏஞ்சலஸில் இறந்தார். ஆனால் அவரை வைத்திருப்பது நியூயார்க்கின் குவீன்ஸில், கிட்டத்தட்ட 4,000 கிலோமீட்டர் தள்ளி. லாஸ் ஏஞ்சலஸ் முழுக்கச் சுற்றினாலும் இந்த மூவரில் ஒருவரைத்தான் பார்க்க முடியும்.

ஆகவே வேலையின் முதல் பாதியை வீட்டில் உட்கார்ந்தே முடித்துவிட வேண்டும். சென்னையில் இருந்தாலும் டொராண்டோவில் இருந்தாலும் அது ஒன்றுதான்.

மூன்று பெயர், ஒரு தாள்

ஒவ்வொரு நடிகருக்கும் ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள். அதன் தலைப்பில் மூன்று பெயர்கள் வர வேண்டும்: பிறந்தபோது வைத்த பெயர், இறக்கும்போது சட்டப்படி இருந்த பெயர், திரைப்பெயர். நடிகைகளுக்குக் கணவர்மாரின் குடும்பப் பெயர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட திருமணம் என்றால் எல்லாவற்றையும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், 1930, 40களின் நடிகர்களில் பலர் குடியேறிகளின் பிள்ளைகள். ஸ்டூடியோக்கள் பெயரை மாற்றின, குடும்பம் மாற்றவில்லை. ராபின்சன் 1893 டிசம்பர் 12 அன்று புகாரெஸ்ட்டில் இமானுவேல் கோல்டன்பெர்க் என்று பிறந்தவர். அவர் இருக்கும் பெத்-எல் கல்லறைத் தோட்டத்தில் குடும்ப மண்டபத்தின் நெற்றியில் இருப்பது கோல்டன்பெர்க் என்ற பெயர். ராபின்சன் என்ற பெயரை எதிர்பார்த்து நடப்பவர் அதைத் தாண்டிப் போய்விடுவார்.

பீட்டர் லோரே பிறந்தபோது லாஸ்லோ லோவன்ஸ்டைன். பால் முனி, வைசன்ஃப்ராய்ண்ட். ஜான் கார்ஃபீல்ட், ஜேக்கப் ஜூலியஸ் கார்ஃபிங்கிள். ஸ்டான்விக், ரூபி ஸ்டீவன்ஸ். மேரி ஆஸ்டர், லூசில் லாங்ஹாங்கி. ரீட்டா ஹேவொர்த், மார்கரீட்டா கன்சினோ. ஜார்ஜ் ராஃப்ட்டுக்கு ஓர் எழுத்துதான் வித்தியாசம்: ரான்ஃப்ட். ஆனால் பழைய மக்கள்தொகைப் பதிவில் தேடும்போது அந்த ஓர் எழுத்தே போதும், ஆள் அகப்பட மாட்டார்.

இறப்புச் சான்றிதழை எப்படிப் படிப்பது

பெயர் கிடைத்ததும் இறப்புச் சான்றிதழ். கலிஃபோர்னியாவில் இரண்டு வகை நகல் உண்டு. ஒன்று நெருங்கிய உறவினர் போன்ற தகுதி உள்ளவர்களுக்கு மட்டும் தருவது. இன்னொன்று யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கக்கூடிய தகவல் நகல். அடையாளச் சான்றாகப் பயன்படுத்த முடியாது என்று அதன்மேல் அச்சடித்திருப்பார்கள். நமக்கு இரண்டாவதே போதும். லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தில் இறந்தவர் என்றால் நார்வாக்கில் உள்ள மாவட்டப் பதிவு அலுவலகத்துக்குத் தபாலில் விண்ணப்பிக்கலாம். கட்டணம் அவ்வப்போது மாறும். அவர்கள் தளத்தில் அன்றைய தொகையைப் பார்த்து அனுப்புங்கள். தொகை குறைந்தால் விண்ணப்பம் அப்படியே திரும்பி வரும்.

நியூயார்க் இதைவிடக் கறார். நகர எல்லைக்குள் நடந்த இறப்புகளில் 1948 வரையானவை நகர ஆவணக் காப்பகத்துக்கு வந்திருக்கின்றன, இணையத்திலேயே படமாகப் பார்க்கலாம். கார்ஃபீல்ட் இறந்தது 1952 மே 21. அவர் அந்தத் தொகுப்பில் இல்லை. அப்படிப்பட்டவர்களுக்கு நாளிதழ் இரங்கல் செய்திகளைத்தான் நம்ப வேண்டும்.

சான்றிதழ் கையில் வந்ததும் கண் போக வேண்டிய இடம் கீழ்ப்பகுதி. புதைப்பா, தகனமா, எந்தத் தேதி, எந்த இடம் என்ற கட்டங்கள் அங்கே இருக்கும். இதில் இரண்டு பொறிகள். முதலாவது: அந்தக் கட்டத்தில் தகனக்கூடத்தின் பெயர் இருந்தால், அஸ்தியும் அங்கேயே இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. தகனம் ஓரிடத்தில், அஸ்தி வேறிடத்தில் என்பது வெகு சாதாரணம். குடும்பத்தார் வாங்கிப்போய்ப் பத்து வருடம் கழித்து வேறு ஊரில் வைத்திருக்கலாம். இரண்டாவது: சான்றிதழில் இருப்பதெல்லாம் ஒரே தரமான தகவல் அல்ல. இறந்த தேதி, காரணம், அடக்க விவரம் ஆகியவற்றை மருத்துவரும் ஈமக்கூடத்தாரும் எழுதுகிறார்கள், அவற்றை நம்பலாம். பிறந்த தேதி, தாய் தந்தை பெயர், சொந்த ஊர் எல்லாம் அழுதுகொண்டிருக்கும் உறவினர் யாரோ வாயால் சொன்னவை. அவற்றைத் தனியாகச் சரிபார்க்க வேண்டும்.

பிறந்த வருடம்: கல்லையும் நம்பாதீர்கள்

ஜோன் க்ராஃபோர்டின் அஸ்தி இருப்பது நியூயார்க் மாநிலத்தின் ஹார்ட்ஸ்டேலில், ஃபெர்ன்கிளிஃப் மண்டபத்துக்குள். கணவர் ஆல்ஃப்ரெட் ஸ்டீலுடன் சேர்த்து வைத்திருக்கிறார்கள். கல்லில் 1908 என்று பொறித்திருக்கிறது. அவர் பிறந்தது அதற்கும் சில வருடம் முன்னால் என்பதே ஆய்வாளர்களில் பலர் சொல்வது. கல்லில் வெட்டியதால் அது உண்மையாகிவிடாது. வெட்டச் சொன்னவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஜார்ஜ் ராஃப்டுக்கும் 1895 என்றும் 1901 என்றும் இரண்டு வருடங்கள் புழங்குகின்றன.

நேர்மாறான உதாரணமும் உண்டு. ஹம்ஃப்ரி போகார்ட் 1899 கிறிஸ்துமஸ் அன்று பிறந்தவர் என்பது வார்னர் பிரதர்ஸ் விளம்பரப் பிரிவு கட்டிவிட்ட கதை என்று வெகு நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். திரையில் கொலைகாரனாக வருபவன் ஏசு பிறந்த நாளில் பிறந்தான் என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? ஆனால் 1900 ஜனவரி 10 தேதியிட்ட ‘ஒன்டாரியோ கவுன்ட்டி டைம்ஸ்’ என்ற சிற்றூர்ப் பத்திரிகையில் அவர் பிறந்த செய்தி வந்திருக்கிறது. 1900 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் பிறந்த மாதம் டிசம்பர் 1899 என்று பதிவாகியிருக்கிறது. ஸ்டூடியோ அபூர்வமாக உண்மையும் சொல்லும்.

சரிபார்க்கும் வழி இதுதான். அமெரிக்க மக்கள்தொகைப் பதிவுகள் 72 வருடம் கழித்துத் திறக்கப்படும். இப்போது 1950 வரை பார்க்கலாம், அது 2022 ஏப்ரலில் திறந்தது. ஃபேமிலிசர்ச் என்ற குடும்ப வரலாற்றுத் தளத்தில் இலவசக் கணக்கு ஒன்று தொடங்கினால் போதும். பிறப்புக்கு மிக அருகில் உள்ள கணக்கெடுப்பையே பாருங்கள். நடிகராகிப் பிரபலமான பிறகு வந்த கணக்கெடுப்பில் வயது குறைந்திருக்கும்! மக்கள்தொகைப் பதிவு, பள்ளிப் பதிவு, முதல் உலகப்போர் ராணுவப் பதிவு அட்டை ஆகிய மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் அந்தத் தேதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய செய்தித்தாள்களுக்கு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் ‘க்ரானிக்ளிங் அமெரிக்கா’ தொகுப்பும், கலிஃபோர்னியாவின் மின்னிதழ்த் தொகுப்பும் இலவசம். இரங்கல் செய்தி தேடும்போது இறந்த மறுநாள் பக்கத்தோடு நிறுத்திவிடாதீர்கள். அடக்க விவரம் பெரும்பாலும் மூன்றாம் நாள், நான்காம் நாள் இதழில், ஒரு பத்தியளவு செய்தியாகத்தான் வரும். லாஸ் ஏஞ்சலஸ் போகிறவர்கள் பெவர்லி ஹில்ஸில் உள்ள மார்கரெட் ஹெரிக் நூலகத்துக்கு முன்பதிவு செய்துகொண்டு அரை நாள் ஒதுக்கலாம். ஆஸ்கர் அகாடமியின் நூலகம் அது. நடிகர்வாரியாகப் பத்திரிகைத் துணுக்குகளைக் கோப்பில் வைத்திருக்கிறார்கள். அடையாள அட்டை அவசியம்.

ஒரு படத்தை எடுத்துச் செய்து பார்ப்போம்

‘தி மால்டீஸ் ஃபால்கன்’ (1941). பயிற்சிக்கு இதைவிட நல்ல படம் இல்லை. எல்லா வகைச் சிக்கலும் இந்த ஒரே படத்தில் இருக்கிறது.

போகார்ட் 1957 ஜனவரி 14 அன்று உணவுக்குழாய்ப் புற்றுநோயால் இறந்தார். ஆல் செயின்ட்ஸ் ஆலயத்தில் நடந்த வழிபாட்டில் சவப்பெட்டிக்குப் பதிலாக அவருடைய ‘சான்டானா’ பாய்மரப் படகின் மாதிரியை வைத்திருந்தார்கள். அஸ்தி இருப்பது கிளென்டேல் நகரின் ஃபாரஸ்ட் லான் கல்லறைத் தோட்டத்தில், ‘கார்டன் ஆஃப் மெமரி’ என்ற பகுதியில். ‘டு ஹாவ் அண்ட் ஹாவ் நாட்’ (1944) படத்தில், பின்னாளில் அவர் மனைவியான லாரன் பகால் பேசிய வசனம் பொறித்த சிறு தங்க விசில் ஒன்றையும் உடன் வைத்திருக்கிறார்கள். ஆனால் நாம் பார்க்க முடியாது. அந்தத் தோட்டம் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கிறது; அங்கே இடம் வாங்கிய குடும்பங்களுக்கு மட்டும்தான் சாவி. காவலரிடம் கெஞ்சுவதால் பயனில்லை, சுவர் ஏறுவது அத்துமீறல் வழக்கில் முடியும்.

சிட்னி க்ரீன்ஸ்ட்ரீட் (இறப்பு 1954) அதே கிளென்டேலில், ‘கிரேட் மாசோலியம்’ என்ற பெரிய மண்டபத்துக்குள், பொதுமக்களை விடாத அஸ்திப் பகுதியில். அவரும் கை எட்டாது.

மேரி ஆஸ்டர் (இறப்பு 1987) கல்வர் சிட்டி ஹோலி கிராஸில். திறந்தவெளி, தாராளமாகப் போகலாம்.

பீட்டர் லோரே (இறப்பு 1964) ஹாலிவுட் ஃபாரெவர் தோட்டத்தின் கதீட்ரல் மண்டபத்தில், வீட்டுச் சுவரின் மாடக்குழி அளவுக்கு ஒரு சிறு மாடத்தில். ருடால்ஃப் வாலன்டினோவின் சுவர் அறை இருப்பதும் இந்தக் கட்டடம்தான். கூட்டமெல்லாம் அவரைப் பார்க்கப் போகும், லோரே பக்கம் அமைதியாக இருக்கும்.

இயக்குநர் ஜான் ஹூஸ்டன் (இறப்பு 1987) அதே தோட்டத்தின் புல்வெளியில். குண்டு பாய்ந்து பொட்டலத்தோடு வந்து விழும் கப்பல் தலைவனாகச் சில நொடிகள் தோன்றும் அவருடைய தந்தை வால்டர் ஹூஸ்டன், ஃப்ரெஸ்னோ நகரின் பெல்மாண்ட் தோட்டத்தில். துப்பறிவாளராக வரும் வார்ட் பாண்டின் (இறப்பு 1960) அஸ்தி கேட்டலினா தீவுப் பக்கம் கடலில் கரைக்கப்பட்டது.

ஏழு பேர். லாஸ் ஏஞ்சலஸில் ஒரே நாளில் பார்க்கக்கூடியவர்கள் ஆஸ்டர், லோரே, ஜான் ஹூஸ்டன் ஆகிய மூவர் மட்டும். இதைத் தாளில் எழுதிவிட்டால் பயணத் திட்டம் தானாக வந்துவிடும்: காலையில் ஹாலிவுட் ஃபாரெவர், மதியத்துக்குப் பிறகு ஹோலி கிராஸ். வால்டருக்காக ஃப்ரெஸ்னோ போவதென்றால் அதற்கு முழுசாக ஒரு நாள்.

லாஸ் ஏஞ்சலஸில் எது எப்படி

ஹாலிவுட் ஃபாரெவர் (6000 சான்டா மோனிகா பொலிவார்ட்) 1899-இல் தொடங்கியது. பாரமவுண்ட் ஸ்டூடியோவின் பின்சுவர்தான் இதன் எல்லை. புதிதாகத் தொடங்குபவர்கள் இங்கேயே தொடங்குங்கள். நட்சத்திரங்கள் இருக்கும் இடங்களைக் குறித்த வரைபடத்தை நுழைவாயில் பூக்கடையில் விற்கிறார்கள், அனுமதி இலவசம், கேட்டால் பதில் சொல்கிறார்கள். கோடைக்காலச் சனிக்கிழமைகளில் புல்வெளியில் படம் போடுவார்கள். அன்று மாலைக்குள் வெளியேறிவிட வேண்டியிருக்கும். அக்டோபர் கடைசியில் மெக்சிகோ மரபிலான இறந்தோர் விழாவுக்குச் சீட்டு வாங்கியவர்களுக்குத்தான் இடம். கல்லறை தேடப் போகிறவர் அந்த நாட்களைத் தவிர்ப்பது நல்லது.

இங்கே பெத் ஓலம் என்ற யூதப் பகுதியை விட்டுவிடாதீர்கள். ‘ஸ்கார்ஃபேஸ்’ (1932) படத்தில் அல் கபோனை நினைவுபடுத்தும் கும்பல் தலைவனாக நடித்த பால் முனி (இறப்பு 1967) அங்கேதான். நிஜ கும்பல் தலைவன் பக்ஸி சீகல், 1947 ஜூன் 20 இரவு பெவர்லி ஹில்ஸில் சுட்டுக் கொல்லப்பட்டவன், அவனும் அதே பெத் ஓலத்தின் மண்டபச் சுவரில். அந்தப் படத்தில் காசைச் சுண்டிக்கொண்டே வந்த ஜார்ஜ் ராஃப்ட் நிஜத்தில் சீகலின் நண்பர். அவர் மட்டும் மலைக்கு அந்தப் பக்கம், ஃபாரஸ்ட் லான் ஹாலிவுட் ஹில்ஸில்.

ஃபாரஸ்ட் லான் என்ற பெயரில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ஒரே நிறுவனத்துக்குப் பல ஊர்களில் தோட்டங்கள். கிளென்டேலும் ஹாலிவுட் ஹில்ஸும் வேறு வேறு, இரண்டுக்கும் நடுவில் கிரிஃபித் பார்க் மலை. வெறுமனே ‘ஃபாரஸ்ட் லான்’ என்று முடியும் குறிப்பை ஏற்றுக்கொள்ளாதீர்கள். ராஃப்ட், டான் டுர்யே, இயக்குநர் ஃப்ரிட்ஸ் லாங் ஆகியோர் ஹாலிவுட் ஹில்ஸில். ராஃப்டைத் தேட எளிய அடையாளம் பெட்டி டேவிஸின் வெள்ளைக் கல்லறை. அது ‘கோர்ட் ஆஃப் ரிமெம்பரன்ஸ்’ வாசலிலேயே இருக்கிறது, ராஃப்ட் அந்த முற்றத்துக்குள். பக்கத்து மவுண்ட் சைனாய் தோட்டம் தனி நிறுவனம், தனி வாசல், லீ ஜே. காப் அங்கே இருக்கிறார்.

கிளென்டேல் 300 ஏக்கர் பரப்பு. வண்டி இல்லாமல் போனால் கால் ஒடிந்துவிடும். பிரபலங்கள் எங்கே இருக்கிறார்கள் என்று அலுவலகத்தில் கேட்டால் சொல்லத் தயங்குவார்கள், அது அவர்களுடைய பழைய வழக்கம். பிரிவின் பெயரை நீங்களே கையில் வைத்துக்கொண்டு போக வேண்டும். கிரேட் மாசோலியத்தில் ‘கடைசி இராவுணவு’ வண்ணக் கண்ணாடியைப் பார்க்க மட்டும் விடுவார்கள். ‘தி பப்ளிக் எனிமி’ (1931) படத்தில் நடித்து, 26 வயதில் இறந்த ஜீன் ஹார்லோ அந்த மண்டபத்தின் உள்ளே இருக்கிறார். அங்கே போக முடியாது. ஆலன் லாட் இருக்கும் ஃப்ரீடம் மாசோலியம் தனிக் கட்டடம், அங்கே அவ்வளவு கெடுபிடி இல்லை.

ஹோலி கிராஸில் லூர்து மாதா கெபி ஒன்று உண்டு. அதைச் சுற்றியுள்ள சரிவில் ரீட்டா ஹேவொர்த் (இறப்பு 1987). மக்மரேயும் ஆஸ்டரும் இதே தோட்டம் என்பதால் அரை நாளில் மூவரையும் முடிக்கலாம்.

வெஸ்ட்வுட் வில்லேஜ் மெமோரியல் பார்க் (1218 க்ளென்டன் அவென்யூ) ஒரு விசித்திரம். அலுவலகக் கோபுரங்களுக்கு நடுவே ஒளிந்துகிடக்கும் சின்ன நிலம். வில்ஷயர் சாலையிலிருந்து தெரியாது. க்ளென்டனில் திரும்பிய உடனே வேகத்தைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் வாசலைத் தாண்டிவிடுவீர்கள். கூட்டம் மர்லின் மன்றோவின் சுவர் அறைக்குப் போகட்டும். மரத்தடியில் பர்ட் லங்காஸ்டர் இருக்கிறார்: தரையோடு தரையாக ஒரு சிறு பலகை, பெயர், 1913–1994, அவ்வளவுதான். ‘தி கில்லர்ஸ்’ படத்தில் அறிமுகமாகி அரை நூற்றாண்டு திரையை ஆண்டவருக்கு இது போதும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள், சரியாகத்தான் நினைத்திருக்கிறார்கள். ரிச்சர்ட் கான்டேயின் பலகை அதற்கு நேர் எதிர். 1910 என்று போட்டு, 1975 என்று போட்டு, அதற்குப் பிறகு ஒரு கேள்விக்குறி.

நியூயார்க் பக்கம்

ஜேம்ஸ் காக்னி 1986 மார்ச் 30, ஈஸ்டர் ஞாயிறு அன்று இறந்தார். ஹாதோர்னில் உள்ள கேட் ஆஃப் ஹெவன் கத்தோலிக்கத் தோட்டத்தின் மண்டபத்தில் இருக்கிறார். இதே பெயரில் நியூ ஜெர்சியிலும் மேரிலாந்திலும் தோட்டங்கள் உள்ளன. வழிகாட்டிச் செயலியில் ஊர்ப் பெயரையும் சேர்த்துத் தட்டச்சு செய்யுங்கள். இங்கேயும் நிஜ கும்பல்காரன் ஒருவன் உண்டு. 1935 அக்டோபரில் நியூவர்க் சாப்பாட்டுக் கடை ஒன்றில் சுடப்பட்டு மறுநாள் செத்துப்போன டச் ஷல்ட்ஸ். ஆர்தர் ஃப்ளெகன்ஹைமர் என்ற இயற்பெயரில் தேடினால்தான் கிடைப்பான். ரயிலில் போகிறவர்களுக்கு ஹார்லெம் தடத்தின் மவுண்ட் ப்ளெசன்ட் நிலையம் வாசலருகே. ஆனால் அங்கே மிகச் சில வண்டிகளே நிற்கும். திரும்பி வர எப்போது வண்டி என்று பார்க்காமல் இறங்கிவிடாதீர்கள்.

வண்டி இருந்தால் காக்னி, ஹார்ட்ஸ்டேலில் க்ராஃபோர்ட், ஹேஸ்டிங்ஸ்-ஆன்-ஹட்சனின் வெஸ்ட்செஸ்டர் ஹில்ஸில் கார்ஃபீல்ட் என்று மூவரையும் ஒரே நாளில் முடிக்கலாம். மூன்றும் வெஸ்ட்செஸ்டர் மாவட்டத்துக்குள் இருக்கின்றன. கம்யூனிஸ்ட் தொடர்புகளைத் துருவிய அமெரிக்க நாடாளுமன்றத்தின் ‘அமெரிக்க விரோத நடவடிக்கைகள்’ குழு 1951-இல் விசாரித்த பிறகு வேலை வறண்டு, 39 வயதில் மாரடைப்பில் போனவர் கார்ஃபீல்ட். பத்தாயிரம் பேருக்கு மேல் இறுதிச் சடங்குக்குத் திரண்டார்கள்.

ராபின்சனுக்குத் தனி நாள். பெத்-எல் யூதத் தோட்டம். யூதத் தோட்டங்கள் சனிக்கிழமையும் யூதப் பண்டிகைகளிலும் மூடியிருக்கும், வெள்ளி மதியத்துக்கு மேல் சீக்கிரமே மூடிவிடுவார்கள். ஞாயிறு காலை உத்தமம். ஆண்கள் தலையை மூடிக்கொள்ள வேண்டும், சாதாரணத் தொப்பி போதும். பூ வைக்கும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. சிறு கூழாங்கல் ஒன்றை வையுங்கள். அதையும் பக்கத்துக் கல்லறையிலிருந்து எடுக்காமல் வெளியிலிருந்து கொண்டுபோங்கள்.

கல்லைக் கண்டுபிடிப்பது

ஃபாரஸ்ட் லானை வழிநடத்திய ஹ்யூபர்ட் ஈட்டன் 1917-இல் செய்த முடிவு, நிமிர்ந்த கல் கூடாது, எல்லாம் தரையோடு பதித்த வெண்கலப் பலகை என்பது. பிறகு நாடெங்கும் இதையே பின்பற்றினார்கள். பார்வைக்குப் பூங்கா மாதிரி அழகு. தேடுகிறவனுக்கு நரகம், இரண்டு அடி தள்ளி நின்றாலே எழுத்து தெரியாது.

இடக் குறிப்பு மூன்று அடுக்காக இருக்கும்: பிரிவு, மனை எண், அதற்குள் இட எண். பிரிவின் பெயர் சாலையோரப் பலகையில் இருக்கும். மனை எண்ணைப் பல இடங்களில் சாலை விளிம்புக் கல்லில் எழுதியிருப்பார்கள், அல்லது புல்லுக்குள் சிறு வட்ட எண்கற்களாகப் பதித்திருப்பார்கள். எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று முதல் நான்கு கற்களில் பார்த்துவிட்டு நடங்கள். கைப்பேசி ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்பினால் வட்டமடித்துக்கொண்டே இருப்பீர்கள். அது சில மீட்டர் தவறும், ஒரு கல்லறையின் அகலமோ ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். இதைவிட உறுதியான வழி பக்கத்துக் கற்கள். கல்லறைகளைப் படத்தோடு பதிவு செய்யும் ஃபைண்ட் எ கிரேவ் தளத்தில் உள்ள படத்தில் ஓரத்தில் தெரியும் இரண்டு மூன்று பெயர்களையும், பின்னால் தெரியும் மரம், தூண், சுவரையும் குறித்துக்கொண்டு போங்கள். மரம் வெட்டுப்பட்டிருக்கலாம், பக்கத்துக் கல் எங்கும் போகாது.

பைக்குள் வேண்டியவை: ஒரு லிட்டர் தண்ணீர், மென்மையான பிரஷ், பழைய துணி, இணையம் இல்லாமலும் திறக்கும் வரைபடம், கூடுதல் பேட்டரி. வெட்டிய புல் பலகைமேல் ஒட்டிக்கிடந்தால் தண்ணீர் ஊற்றிப் பிரஷால் தள்ளுங்கள். கம்பி பிரஷ், வினிகர், சோப்பு, சவர நுரை, சாக்பீஸ் எதுவும் கூடாது. எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று நுரை பூசும் பழக்கம் இணையத்தில் பரவியிருக்கிறது. அதில் உள்ள அமிலம் கல்லின் நுண்துளைகளில் தங்கி நாளாக ஆகக் கல்லை அரிக்கும். தாளை வைத்துத் தேய்த்துப் படியெடுப்பதையும் பல தோட்டங்கள் தடை செய்திருக்கின்றன.

எழுத்து தெரிய வழி வெளிச்சம்தான். காலை ஒன்பதுக்கு முன்னால், அல்லது மாலை சாய்வெயிலில் போங்கள். பொறிப்பின் விளிம்பில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். உச்சி வெயிலில் வெண்கலம் வெறும் பளபளப்பு. வேறு வழியில்லை என்றால் கையால் நிழல் போட்டுக்கொண்டு, சின்ன விளக்கைப் பக்கவாட்டில் தாழப் பிடியுங்கள். மண்டபத்துக்குள் ஃபிளாஷ் வேண்டாம், மெருகேற்றிய சலவைக்கல் அதை அப்படியே திருப்பி அடிக்கும். கண்ணாடி மாடம் என்றால் லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து எடுங்கள்.

படம் நான்கு போதும்: பிரிவின் பெயர்ப்பலகை, வரிசை முழுதும், கல் நேராக, எழுத்து நெருக்கமாக. அடக்கம் நடந்துகொண்டிருந்தால் கேமராவை உள்ளே வைத்துவிட்டு வேறு பகுதிக்குப் போய்விடுங்கள். அது யாருடைய வீட்டுத் துக்கமோ. நம்மவர்களுக்குத் தனியாக ஒன்று: கற்பூரமும் ஊதுவத்தியும் ஏற்றக் கூடாது. கலிஃபோர்னியாவின் காய்ந்த புல்லில் தீப்பொறி விளையாட்டு இல்லை, காவலர் வந்து வெளியே அனுப்புவார்.

கல்லறை இல்லாதவர்கள், ஊருக்குத் திரும்பியவர்கள்

ராபர்ட் மிட்சம் (இறப்பு 1997) சான்டா பார்பரா கடலில். வெரோனிகா லேக் (இறப்பு 1973) விர்ஜின் தீவுகளின் கடலில். இவர்களுக்கெனப் பட்டியலில் ஒரு கல்லறை முகவரி இருந்தால் சந்தேகப்படுங்கள். நினைவுக்கல்லையும் கல்லறையையும் தரவுத்தளங்கள் அடிக்கடி குழப்புகின்றன. போகார்டை நெருங்க முடியாதவர்களுக்கு ஒரு மாற்று உண்டு: ஹாலிவுட் பொலிவார்டில் சைனீஸ் தியேட்டர் முற்றத்தில் 1946-இல் அவர் பதித்த கைத்தடமும் கால்தடமும்.

இன்னொரு கூட்டம் சொந்த மண்ணுக்கோ கணவரின் ஊருக்கோ போய்ச் சேர்ந்தது. மிர்னா லாய் நியூயார்க்கில் 1993-இல் இறந்தார், அஸ்தி மொன்டானா மாநிலத்தின் ஹெலினாவில். ஜீன் டியர்னி (இறப்பு 1991) கணவரின் ஊரான ஹூஸ்டனின் க்ளென்வுட் தோட்டத்தில். ஒரு காலத்தில் அவரைச் சுற்றி வந்த ஹோவர்ட் ஹியூஸ், ‘ஸ்கார்ஃபேஸ்’ தயாரிப்பாளர், அதே தோட்டத்தில். மரி விண்ட்சர் பெயரைத் தமிழ் ரசிகர்கள் தனியாகக் குறித்துக்கொள்ளலாம். ‘தி நேரோ மார்ஜின்’ (1952), ‘தி கில்லிங்’ (1956) படங்களில் முக்கிய வேடத்தில் வந்தவர். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கர்களோடு சேர்ந்து எடுத்த ‘தி ஜங்கிள்’ (1952) படத்தில் நடித்தவரும் இவர்தான். 2000 டிசம்பர் 10 அன்று, 81 நிறைய ஒரே நாள் பாக்கி இருக்கும்போது பெவர்லி ஹில்ஸில் இறந்தார். கல்லறை பிறந்த ஊரான யூட்டா மாநிலத்தின் மேரிஸ்வேலில் இருக்கிறது. பெர்டெல்சன் என்ற பிறந்த வீட்டுப் பெயரையும் தாளில் சேர்த்துக்கொண்டு தேடுங்கள்.

திரும்பி வந்ததும் படங்களை ஃபைண்ட் எ கிரேவ் தளத்தில் ஏற்றுவதற்கு முன்னால் அங்கே உள்ள பதிவோடு ஒப்பிடுங்கள். தவறு இருந்தால் புதுப் பதிவு தொடங்க வேண்டாம், இரட்டைப் பதிவுதான் பெருகும். இருக்கும் பதிவிலேயே திருத்தம் பரிந்துரைக்கும் பொத்தானை அழுத்தி, சான்றிதழிலோ நாளிதழிலோ எந்தத் தேதியில் என்ன இருக்கிறது என்று இரண்டு வரி எழுதுங்கள். ஆதாரம் இல்லாமல் அனுப்பும் திருத்தத்தைப் பதிவைப் பராமரிப்பவர் ஏற்கமாட்டார்.